மழையில் பார்த்த படகு

வீடு பார்ப்பதென்றால் மழை நாளில் பார்க்க வேண்டும். வெயிலில் எல்லா வீடும் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற பெண் மாதிரி அடக்கமாகத்தான் இருக்கும். மழை பிடித்துக்கொண்டால்தான் எந்த ஓடு ஒழுகுகிறது, எந்தச் சுவர் வியர்க்கிறது, எந்தக் கதவு உப்பிக்கொண்டு மூட மாட்டேன் என்று நிற்கிறது என்பதெல்லாம் தெரியவரும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டு நானாகத் தெரிந்துகொண்டது.

என் கணவர் சண்முகரத்தினத்துக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை மாற்றல் வரும். கோலா லிப்பிஸ், கெமாஸ், தாப்பா ரோடு, குளுவாங், மெந்தகாப் என்று தண்டவாளம் போகிற இடமெல்லாம் எங்களுக்கு ஒரு குவார்ட்டர்ஸ் இருந்தது. உத்தரவு வந்ததும் அவர் முதலில் போய்ப் பொறுப்பை ஏற்றுக்கொள்வார். நான் பீங்கான் கோப்பைகளைப் பேப்பரில் சுற்றி, பெட்டி கட்டி, சாமான்களைக் கூட்ஸ் வண்டியில் ஏற்றிவிட்டு, மகளையும் இழுத்துக்கொண்டு, 'வா' என்று அவர் சொல்லியனுப்பும்வரை காத்திருந்து, பிறகு போவேன். எந்த ஊருக்குப் போகலாம் என்று அவர் என்னிடம் கேட்டதில்லை. ரயில்வே அவரிடம் கேட்டதில்லை. அதனால் நான் ரயில்வேயைத் திட்டிக்கொண்டு இருந்தேன். புருஷனைத் திட்டுவதைவிட அது சுலபம்.

கடைசியாக இருந்தது பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸ். அவர் ஓய்வு பெற்றதும் அதையும் காலி பண்ணிக் கொடுத்துவிட்டு ரவாங்கில் ஒரு தாமான் குடியிருப்பில் வரிசை வீடு ஒன்றை வாங்கிக்கொண்டு போனோம். மகள் கல்யாணமாகி மெல்பர்னுக்குப் போய்விட்டாள். அவர் அந்த வீட்டில் உட்கார்ந்தார் பாருங்கள், உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. காலையில் பேப்பர், பிறகு ஓர்க்கிட் தொட்டிகள், மத்தியானம் ஒரு தூக்கம், வெள்ளிக்கிழமை கோயில். இதற்காகத்தான் பிறந்தவர் மாதிரி இருந்தார்.

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. முதல் வருடம் சோபாவை இடம் மாற்றினேன். இரண்டாவது வருடம் ஐஸ் பெட்டியை ஹாலுக்குக் கொண்டுவந்தேன். மூன்றாவது வருடம் பிறந்ததும் உடம்பே மாற்றல் கேட்க ஆரம்பித்துவிட்டது. சீனர் கடையில் வெறும் அட்டைப் பெட்டியைப் பார்த்தால் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து ஸ்டோரில் அடுக்கினேன். எதற்கு என்று இவர் கேட்டார். எனக்கே தெரியவில்லை. பெட்டி கட்டுவதை எவ்வளவு வெறுத்தேனோ, கட்டாமல் இருப்பதும் அவ்வளவு வேதனையாக இருந்தது. செத்துப்போனால்தான் இனி இந்த வீட்டை விட்டு வெளியே தூக்குவார்கள் என்ற நினைப்பு வந்ததிலிருந்து பகலில் அந்த வீட்டுக்குள் எனக்கு மூச்சு முட்டியது.

அந்த நாட்களில்தான் ஒரு சனிக்கிழமை கிள்ளானில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போய், நண்டு வாங்க நானும் அவளுமாகத் துறைமுகத்துக்குப் போனோம். படகு கட்ட ஆற்றுக்குள் நீட்டிய ஜெட்டியில் ஒரு பாய்மரப் படகு கட்டிக் கிடந்தது. அதில் என் வயது வெள்ளைக்காரி ஒருத்தி, தலையெல்லாம் நரை, கயிற்றில் சரோங் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து வெங்காயம் வதங்கும் வாசம் வந்தது. அடுத்த சனிக்கிழமை மறுபடி போனேன். படகு இல்லை.

"லங்காவித் தீவுக்குப் போய்ட்டாங்க ஆன்டி," என்றான் ஜெட்டியில் வேலை செய்துகொண்டிருந்தவன்.

"வீட்டுச் சாமானெல்லாம்?"

"சாமானா? அதுலயேதான் இருக்கு."

ஒரு பெட்டி கட்டவில்லை. ஒரு கோப்பையைப் பேப்பரில் சுற்றவில்லை. கொடிக்கயிறு, வெங்காயச் சட்டி, தலையணை எல்லாம் இருந்த இடத்தில் இருக்க, வீடு வீடாகவே கிளம்பிப் போய்விட்டது. அன்றைக்கு என்னைப் பிடித்தது பேய்தான், சந்தேகமில்லை.

ஜெட்டியில் நின்றவன் பெயர் விஜயன். நாற்பது வயதிருக்கும். படகுகளுக்குச் சாயம் அடிப்பான், சொந்தக்காரர்கள் ஊரில் இல்லாதபோது பார்த்துக்கொள்வான், யாராவது விற்றால் வாங்கினால் அவனுக்கும் ஏதோ கிடைக்கும். அவனிடம் சின்னதாக ஒரு பாய்ப் படகு இருந்தது. சனிக்கிழமைகளில் தண்ணீர் நிறைந்திருக்கும் நேரம் பார்த்து வரச் சொன்னான். தங்கை வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு, மகள் விட்டுப்போன கால்சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். முதல் நாளே கவிழ்ந்தேன். கிள்ளான் ஆற்றுச் சேறு காதுக்குள் போய் ஒரு வாரம் இருந்தது. இரண்டாவது நாளும் கவிழ்ந்தேன். சுக்கான் பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகும் என்றான் விஜயன். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு அது புரியக் கஷ்டமாக இல்லை.

நாலைந்து மாதம் கழித்து ஒரு காலையில் இவரிடம் சொன்னேன்.

"நான் ஒரு போட் வாங்கப் போறன். செந்தூல் கடைவீட்டிலை அப்பா விட்ட பங்கு கிடக்குது. இந்த வீட்டை வாடகைக்கு விட்டிட்டு அதிலைதான் இனி இருக்கப் போறன். நீங்களும் வாறியளோ?"

அவர் பேப்பரைக் கீழே இறக்கவில்லை. "உமக்கு விசரே?"

"ஓம், பைத்தியம்தான்."

மூன்றாம் நாள் ஓர்க்கிட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "சரி, பாப்பம். ஆனா வீடு பாக்கிற மாதிரி நிதானமாப் பாக்க வேணும். கண்டதையும் வாங்கப்படாது," என்றார். எனக்கு அவரை அப்படியே கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. அந்த மனிதர் அவ்வளவு சீக்கிரம் எதற்கும் சம்மதித்தவரில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் மதி கெட்டுவிட்டது.

விஜயன் பல படகுகளைச் சொன்னான். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று, தோட்டத்தில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு கிழட்டு வெள்ளைக்காரருடையது. சிமெண்டுப் படகு. கம்பி வலையை வளைத்து அதன்மேல் சிமெண்டு பூசிச் செய்தது என்றான் விஜயன். சிமெண்டு எப்படி மிதக்கும் என்று எனக்கு ஆச்சரியம். ஆனால் மனதுக்குள் ஒரு நிம்மதி. சிமெண்டு என்றால் வீடுதானே? மற்றது மரப்படகு. ஊருக்குப் போன ஒருவர் விற்கச் சொல்லிச் சாவியை விஜயனிடம் விட்டுப் போயிருந்தார்.

வானம் இருட்டிக்கொண்டு வந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், தண்ணீர் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து, இவரையும் டாட்சன் காரில் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். நினைத்த மாதிரியே மழை கொட்டியது.

சிமெண்டுப் படகு ஜெட்டியின் உள்பக்கம், கரையை ஒட்டிக் கிடந்தது. குவார்ட்டர்ஸ் பொறுப்பெடுக்கிறவள் எப்படிப் பார்ப்பாளோ அப்படி ஒன்றுவிடாமல் பார்த்தேன். அலமாரிகளைத் திறந்து மோந்தேன். குழாயைத் திருகினேன். தரையில் நாலு குதி குதித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. தலை நிமிர்ந்து நிற்கலாம். இரண்டு அடுப்பு, மிக்ஸி வைக்க இடம், சாமி படத்துக்கு ஒரு மாடம்கூட இருந்தது. எல்லாவற்றையும்விட, ஏறும்போது கால் வைத்தால் படகு ஆடவே இல்லை. எனக்கு ஒரே பூரிப்பு. இவரும் உள்ளே வந்து சுவரை விரல் முட்டியால் தட்டி, "கல்லுப்போல கிடக்குது," என்றார். பிறகு நான் சமையல் மேடையை அளந்துகொண்டிருந்தபோது வெளியே போய் வெள்ளைக்காரரோடு குடைக்குள் நின்று ஏதோ நெடுநேரம் இங்கிலீஷில் பேசினார்.

"ஆன்டி, இது போட்டு இல்ல, வீடு லா," என்றான் விஜயன் தலையைச் சொறிந்துகொண்டே. நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மரப்படகு ஜெட்டியின் வெளிமுனையில் நின்றது. ஏறினவுடன் என் பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே குனிந்துதான் நடக்க வேண்டும். படுக்கைக்கு மேல் இருந்த கண்ணாடி மூடி வழியாகச் சொட்டுச் சொட்டாக என் கழுத்திலேயே விழுந்தது. அடுப்பு ஊஞ்சல் மாதிரி ஆடியது. கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி அது கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தது, ஒரு நிமிடம் சும்மா நிற்கவில்லை. இவர் ஏறவே இல்லை. "நான் இஞ்சையிருந்தே பாக்கிறன்," என்று குடையைப் பிடித்துக்கொண்டு ஜெட்டியில் நின்றார். இப்படி ஓர் அடங்காத படகு நமக்கு எதற்கு என்று அதை அங்கேயே தள்ளிவிட்டேன்.

சிமெண்டுப் படகு என்று முடிவானது. முன்பணம் கொடுக்கும் நாளை இவரே பஞ்சாங்கம் பார்த்துக் குறித்தார். புதன்கிழமை காலை நல்ல நேரம் என்றார். அன்றைக்கு அவர் இருந்த குஷியைப் பார்க்க வேண்டும். வேட்டி கட்டிக்கொண்டார். ஒரு தட்டில் வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, குங்குமம் எல்லாம் அவரே எடுத்து வைத்தார். காரில் வழிநெடுகத் தேவாரம் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். எனக்காக இந்த மனிதர் இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறாரே என்று எனக்குக் கண் கலங்கியது.

பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் இருக்கும், ராகுகாலம் இருக்கும், கடல் எப்போது வற்றும் என்று இருக்காது. நான் அதுவரை துறைமுகத்துக்குப் போனதெல்லாம் தண்ணீர் நிறைந்திருந்த நேரத்தில். அன்றைக்கு நாங்கள் போய் இறங்கியபோது ஆற்றுத் தண்ணீர் அடிமட்டத்துக்கு வற்றிக் கிடந்தது. ஜெட்டியின் வெளிமுனையில் படகுகள் மிதந்துகொண்டிருந்தன. உள்பக்கம் ஒரே சேறு. அந்தச் சேற்றுக்கு நடுவில் என் சிமெண்டுப் படகு, குட்டைக்குள் படுத்த எருமை போல, இடுப்பளவு புதைந்து கிடந்தது. அதன் விலாவோரம் சின்னதாகக் கண்டல் செடிகள் முளைத்திருந்தன. சேற்று மீன்கள் துள்ளி விளையாடின.

நான் வெள்ளைக்காரரைப் பார்த்தேன். "தண்ணீர் ஏறியதும் இதைக் கொஞ்ச தூரம் வெளியே ஓட்டிக் காட்ட முடியுமா?" என்று இங்கிலீஷில் கேட்டேன்.

அவர் திகைத்துப்போனார். "வெளியேயா? இது அசைந்து பல வருடமாகிறது அம்மா. சேறு பிடித்துக்கொண்டது. இனி இழுத்தால் அடிப்பாகம் பெயர்ந்து வந்துவிடும். அன்றைக்கே உங்கள் கணவரிடம் எல்லாம் சொன்னேனே. இப்படி ஒன்றுதான் வேண்டும், இருப்பதற்குத்தான் என்றார்."

ஆடவில்லை ஆடவில்லை என்று பூரித்தேனே, அதற்கு அர்த்தம் அப்போதுதான் மண்டையில் ஏறியது. படகு தேடிப் போனவள் குவார்ட்டர்ஸ் தேடியிருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆனால் இவருக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும்.

திரும்பினேன். தட்டைப் பிடித்துக்கொண்டு அவர் வாழைப்பழத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

வெற்றிலையை எடுத்து நேராக அடுக்கினார்.

"தெரியுமோ எண்டு கேக்கிறன்."

"தெரியும்," என்றார். "நீர் போட் வேணும் எண்டீர். இதுவும் போட்தானே. தண்ணிக்குப் பக்கத்திலை இருக்கலாம், நல்ல காத்து வரும். உம்மடை ஆசையும் தீரும், எனக்கும் ஒரு நிம்மதி."

அழுகிற பிள்ளைக்கு மரக்குதிரை வாங்கிக் கொடுப்பார்களே, அப்படி எனக்கு ஒரு படகு வாங்கித் தரப் பார்த்திருக்கிறார், அதுவும் என் அப்பாவின் சொத்தில். தேவாரம் வேறு. ஆத்திரத்தோடு ஜெட்டி முனைக்கு விறுவிறு என்று நடந்தேன். விஜயன் அங்கே கயிறு சுற்றிக்கொண்டிருந்தான்.

"உனக்கும் தெரியும்தானே?"

"அங்கிள்தான் சொல்ல வேணாம்னாரு ஆன்டி. நான் என்ன செய்ய முடியும்?" என்று முகத்தைத் தொங்கப் போட்டான்.

"சரி, மரப்படகைக் கிளப்பு."

"இப்பவா?"

"தண்ணி ஏற ஆரம்பிச்சிட்டுது, காத்தும் இருக்கு. நீதானே படிப்பிச்சனீ. கிளப்பு."

அவன் சாவி எடுக்க ஓடினான். இவர் தட்டோடு பின்னாலேயே வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது அவருக்கு. நான் அதற்குள் படகில் ஏறி நின்றேன். அது வழக்கம்போல என் பக்கம் சாய்ந்தது.

"இஞ்சாரும், சொல்லுறதைக் கேளும். இறங்கும்."

"நான் இதைத்தான் வாங்கப் போறன். நீங்கள் வந்தாலும் இதிலைதான் இருப்பன், வராட்டியும் இதிலைதான் இருப்பன். ஏறுங்கோ."

"இது கவிண்டு போம்."

"கவிண்டால் நான் இருக்கிறன். நான் கவிண்டு பழகினனான்."

"எப்ப பழகினீர்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் குனிந்து பலகைகளுக்கு நடுவில் ஓடிய தண்ணீரைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எனக்குத் தண்ணியெண்டால் பயம், கனகேஸ்வரி. சின்னனிலையிருந்தே பயம்."

அந்த மனிதர் வாயிலிருந்து 'பயம்' என்ற சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. பாவமாகத்தான் இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பாவம் பார்க்கிறதுக்கு முன்னால் வேறொன்று வாயில் வந்துவிட்டது.

"எனக்கும் பயமாத்தான் இருந்தது. ஒவ்வொரு ஊருக்கு வரேக்கையும்."

"எந்த ஊருக்கு?"

"எல்லா ஊருக்கும். லிப்பிஸிலை நீங்கள் ஸ்டேஷனுக்குப் போன பிறகு கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் குடுத்திட்டுத்தான் இருப்பன். மெந்தகாப்பிலை வெள்ளம் வரேக்கை பிள்ளையை மேசைக்கு மேலை தூக்கி வைச்சிட்டு முழங்கால் தண்ணியிலை நிண்டனான்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நீர் ஒரு நாளும் சொல்லேல்லையே."

"சொன்னால் மாற்றலை நிப்பாட்டியிருப்பாங்களோ?"

பயந்துகொண்டே போனேன், பயந்துகொண்டே அடுப்பு மூட்டினேன், பிறகு அந்த ஊர் பழகிவிட்டது. அவ்வளவுதான் அதில் இருந்த கதை.

விஜயன் சாவியோடு வந்து என்ஜினைத் தட்டி எழுப்பினான். முன் கயிற்றை அவிழ்த்தான். இவர் திடீரென்று வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலைப் படகில் வைத்தார். வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். படகு அவர் காலடியில் ஓர் அங்குலம் தாழ்ந்தது. தட்டிலிருந்த வெற்றிலை சரிந்து தண்ணீரில் விழுந்தது.

"அங்கிள், சேத்துல ஒரு கால் ஆத்துல ஒரு கால் வெச்சுகிட்டு நிக்காதீங்க! உள்ள வாங்க, இல்லாட்டி வெளிய நில்லுங்க!" என்று கத்தினான் விஜயன்.

இவர் என்னைப் பார்த்தார். நான் கை நீட்டினேன். உண்மையாகவே நீட்டினேன். அவர் காலை எடுத்து ஜெட்டியில் வைத்துக்கொண்டார். நீட்டிய என் கையில் பழத்தட்டைக் கொடுத்தார். "இதையெண்டாலும் கொண்டு போம். காலமை ஒண்டும் சாப்பிடேல்லை நீர்."

கயிறு அவிழ்ந்தது. ஆற்று வாயைத் தாண்டி வெளியே வந்ததும் விஜயன் என்ஜினை நிறுத்திவிட்டுப் பாயை ஏற்றினான். அது இரண்டு தடவை படபடவென்று அடித்துக்கொண்டு, பிறகு வயிறு உப்பி நின்றது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓட ஆரம்பித்தது. சத்தமே இல்லை, தண்ணீர் பலகையை உரசுகிற சத்தம் மட்டும். சுக்கானை என் கையில் கொடுத்துவிட்டு விஜயன் முன்பக்கம் போய் உட்கார்ந்தான். எங்கே பார்த்தாலும் பழுப்புத் தண்ணீர், தூரத்தில் பச்சைக் கோடாகக் கெத்தாம் தீவு. ரவாங்கில் என்னை உட்கார விடாமல் அலைக்கழித்ததே, அது உடம்பை விட்டு எங்கே போனதென்றே தெரியவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றுகொண்டே திரும்பிப் பார்த்தேன். ஜெட்டியில் வெள்ளை வேட்டி சின்னதாகத் தெரிந்தது. இப்போது மனசு அடித்துக்கொள்ளும், அவரை விட்டுவிட்டு வந்தோமே என்று அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். தாலி கட்டிய நாளிலிருந்து அந்த மனிதர் இல்லாத ஓர் இடத்துக்கு நான் குடிபோனதில்லை. காத்திருந்து பார்த்தேன். அழுகை வரவில்லை. அவர் பக்கத்தில் இல்லாதது ஒரு குறையாகவே எனக்குத் தோன்றவில்லை. அது தெரிந்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. படகு கவிழ்ந்தபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை.

விஜயன் கண்ணுக்கு மேல் கை வைத்துக் கரையைப் பார்த்தான்.

"திரும்பலாமா ஆன்டி? அங்கிள் இன்னும் அங்கேயேதான் நிக்கிறாரு. பாவம் லா."

"நிக்கட்டும்," என்றேன். "காத்துக்கொண்டு நிண்டதாலை ஒருத்தரும் செத்துப்போறதில்லை. நான் நிண்டு பாத்திருக்கிறன்."